பிள்ளை என்று சொன்னால் பங்கைக் கொடு!

வார்டு என்றால் நமக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று, ஆஸ்பத்திரியில் கட்டில்கள் வரிசையாகக் கிடக்கும் கூடம். மற்றொன்று, மாநகராட்சியின் வட்டம். தாராவிக்காரர்களுக்கு ஜி நார்த் வார்டு, மாட்டுங்காக்காரர்களுக்கு எஃப் நார்த் வார்டு. மூன்றாவதாகவும் ஒரு வார்டு உண்டு. அது ஒரு குழந்தை! உரிமை வயது வராத ஒரு பிள்ளை ஒரு காப்பாளரின் பொறுப்பில் இருந்தால், அந்தப் பிள்ளைக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் வார்டு. 1890-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் இயற்றிய காப்பாளர் சட்டம் அந்தப் பெயரை வைத்தது. அவன் கப்பலேறி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. சட்டமும் போகவில்லை, சொல்லும் போகவில்லை.

இது வக்கீல்களின் சங்கதி, நமக்கென்ன என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய்த் தவறி விழுந்து செத்த அண்ணன், கட்டட வேலையில் சாரம் சரிந்து செத்த மைத்துனன், 2021-இல் ஒரே மாதத்தில் கொரோனாவுக்குப் பலியான தங்கையும் அவள் புருஷனும் - இப்படிப்பட்டவர்கள் விட்டுப்போன பிள்ளைகள் எங்கே வளர்கிறார்கள்? நம் சால்களிலும் ரயில்வே குவார்ட்டர்ஸ்களிலும்தான் வளர்கிறார்கள். ஐந்து பேர் படுக்கும் அறையில் ஆறாவது பாயை விரித்து அவர்களைப் படுக்கவைத்தவன் பெரிய பணக்காரன் அல்ல. மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு மணியார்டர் அனுப்பிப் பழகிய குடும்பத்தில் பிறந்த தொழிலாளி அவன். அவனை நாம் வணங்குகிறோம். ஆனால் அவனிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

உன் பொறுப்பில் வந்த பிள்ளையை என்னவென்று அழைக்கிறாய்? மகன் என்றா? அண்ணன் மகன் என்றா? வளர்ப்பு மகன் என்றா? வார்டு என்றா?

"என்ன சொல்லிக் கூப்பிட்டால் என்ன? சோறு போடுகிறோம், படிக்க வைக்கிறோம், அது போதாதா?" என்பார்கள். போதாது, அன்பர்களே! பள்ளியில் இடம், செத்த தகப்பனுக்கு வரவேண்டிய நஷ்டஈடு, ஊரில் கிடக்கும் நிலத்தின் பங்கு, நாளைக்கு நடக்கப்போகும் கல்யாணம் என்று அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் பாதி, எந்தப் பெயரால் அது அழைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

அலுவலக அகராதி

முதலில் நாம் வேலை செய்யும் இடத்திலிருந்தே தொடங்குவோம். ரயில்வே சுற்றறிக்கைகளில் வார்டு என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. ஊழியர்களின் வார்டுகளுக்கு உதவித்தொகை, ஊழியர்களின் வார்டுகளுக்குப் பயிற்சி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். யார் இந்த வார்டு? ஊழியர் பெற்ற பிள்ளை! 2004-இல் டிரைவர்களுக்கும் கேங்மேன்களுக்கும் ஒரு திட்டம் வந்தது. தொழிலாளி முன்கூட்டியே ஓய்வு பெற்றால் அவருடைய வார்டு ஒருவருக்கு வேலை என்றது அந்தத் திட்டம். 2010-இல் பாதுகாப்புப் பணியின் வேறு பிரிவினருக்கும் அதை விரித்தார்கள். 2016-இல் பஞ்சாப் - அரியானா உயர்நீதிமன்றம் அது சம வாய்ப்புக்கு முரணானது என்று சொன்னது; 2018-இல் திட்டத்துக்கே மூடுவிழா நடந்துவிட்டது. அந்தத் திட்டம் நியாயமா, அநியாயமா என்ற வாதம் வேறு. நாம் கேட்பது அந்தச் சொல்லைப் பற்றி. பணிமனையில் அந்தச் சுற்றறிக்கையைப் படித்தவர்கள் வார்டு என்றால் யார் என்று புரிந்துகொண்டார்கள்? தன் மகன் என்றுதானே?

பள்ளிக்கூடங்களும் அப்படியே. பெற்ற தகப்பனுக்கே, "உங்கள் வார்டு இன்னும் கட்டணம் செலுத்தவில்லை" என்று கடிதம் வருகிறது. ஆனால் நிஜமான வார்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சித்தப்பன் போய் நின்றால் என்ன நடக்கிறது? ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "யே தும்ஹாரா கௌன் லக்தா ஹை?" என்கிறார். இது உனக்கு என்ன உறவு வேண்டும் என்று கேட்கிறார். படிவத்தில் தகப்பன் பெயருக்குக் கட்டம் இருக்கிறது, காப்பாளருக்கு இல்லை. சட்டம் யாருக்காக ஒரு சொல்லை உண்டாக்கியதோ அவனை ஒதுக்கிவிட்டு, ஊரில் உள்ள மற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தச் சொல்லைச் சூட்டியிருக்கிறார்கள். இதைவிடக் கேலிக்கூத்து உண்டா?

ஊர்வாய் அகராதி

அலுவலகத்தைக் குறை சொல்லிவிட்டு நம் வாயைச் சும்மா விடலாமா? நாம் அழைக்கும் அழகைப் பாருங்கள்.

"அநாதைப் பிள்ளை" என்கிறோம். நாதன் இல்லாதவன் என்று பொருள். காப்பதற்கு ஒருவன் குத்துக்கல்லாகப் பக்கத்தில் நிற்கும்போதே பிள்ளையை அநாதை என்று சொன்னால், நிற்கிறவனையும் செத்தவன் கணக்கில் சேர்த்தாகிறது.

"எடுத்து வளர்த்தது" என்கிறோம். பெற்ற குழந்தையையும் செல்லமாக 'அது' என்று சொல்வது நம் வழக்கம்தான். ஆனால் பெற்ற மகன் மீசை முளைத்ததும் 'அவன்' ஆகிவிடுகிறான். எடுத்து வளர்த்தவன் மட்டும் இருபது வயதிலும் அஃறிணையிலேயே நிற்கிறான்.

"வளர்ப்பு மகன்" என்கிறோம். இது கொஞ்சம் கௌரவமான சொல். அன்போடு சொல்கிறவர்களை நாம் தடுக்கவில்லை. ஆனாலும் யோசியுங்கள். வளர்ப்பு நாய், வளர்ப்புக் கிளி என்றும் அதே வாயால் சொல்கிறோம். பெற்றவன் எவனாவது தன் பிள்ளையை அறிமுகப்படுத்தும்போது, "நான் செலவழித்து வளர்த்த மகன்" என்று சொல்கிறானா? அழைக்கும் ஒவ்வொரு தடவையும் நாம் செய்த உபகாரத்தைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்ட வேண்டுமா?

"மகள் மாதிரி"

இவையெல்லாம் வாய்த்துடுக்கு. இனி வருவது அயோக்கியத்தனம். அதை அந்தப் பெயராலேயே சொல்லவேண்டும்.

ஊரிலிருந்து 11 வயதுப் பெண்ணைக் கூட்டிவருகிறார்கள். தூரத்து உறவு, அல்லது அதே தெருக்காரர். "பம்பாயில் படிக்க வைக்கிறோம், எங்கள் மகள் மாதிரி வைத்துக்கொள்கிறோம்" என்று அவள் தாயிடம் சத்தியம் செய்கிறார்கள். இங்கே வந்ததும் மூன்றாம் மாதம் பள்ளிக்கூடப் பேச்சு மறைந்துவிடுகிறது. காலை நாலரை மணிக்குக் குழாயடி, பிறகு பாத்திரம், பிறகு கைக்குழந்தை. சம்பளம் கிடையாது. கேட்டால், "மகளுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா?" என்கிறார்கள். சரி, மகள் என்றால் பள்ளிக்கு அனுப்பினாயா என்று கேட்டால், "அவள் என்ன நாங்கள் பெற்ற பிள்ளையா?" என்கிறார்கள். சம்பளம் கேட்கும்போது மகள், படிப்பு கேட்கும்போது வேலைக்காரி. ஒரே வீட்டில் ஒரே பெண்ணுக்கு இரண்டு பெயர். இரண்டிலும் லாபம் வீட்டுக்காரருக்கே.

14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைக்கக்கூடாது என்று 2006 அக்டோபர் 10 முதல் தடை இருக்கிறது. 2016-இல் சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்குள் எந்த வேலையும் கூடாது என்றார்கள். ஆனால் ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு ஒத்தாசை செய்யலாம் என்றார்கள். அங்கே குடும்பம் என்பதற்கு என்ன விளக்கம் தெரியுமா? தாய், தகப்பன், உடன்பிறந்தார் மட்டுமல்ல; தகப்பனின் உடன்பிறந்தாரும், தாயின் உடன்பிறந்தாரும் அதில் சேர்த்தி. பிள்ளை ஒத்தாசை செய்யவேண்டிய இடத்தில் பெரியப்பனும் மாமனும் குடும்பம். பிள்ளைக்குச் சலுகை கேட்கும் இடத்தில் அதே பெரியப்பனைப் பார்த்து, உனக்கு என்ன உறவு என்று கேள்வி! இந்த நியாயம் எந்த ஊர் நியாயம்?

ஆகவே ஒன்றைத் திட்டமாகச் சொல்கிறோம். கூட்டிவந்த பெண்ணை மகள் என்று சொல்பவர், அவள் படிக்கும் பள்ளியின் பெயரையும் சொல்லவேண்டும். சொல்ல முடியாதவர் 'மகள் மாதிரி' என்ற வார்த்தையை வாயால் எடுக்கக்கூடாது. பிள்ளையை அடிமை வேலையில் வைத்திருப்பதற்கும், அதன் உழைப்பின் கூலியை அமுக்குவதற்கும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 5 ஆண்டுவரை கடுங்காவலும் 1 லட்ச ரூபாய் அபராதமும் இருக்கின்றன. நம் தெருக்காரர் என்பதற்காக நாம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

மருமகள் என்ற இரட்டைச் சொல்

தங்கை பிள்ளையைத் தாய்மாமன் வளர்ப்பது நம் சமூகத்தில் பெருமையான காரியம். ஆனால் ஒரு சிக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. தங்கையின் மகளுக்கும் மருமகள் என்று பெயர். மகனுக்குக் கட்டிவைக்கும் பெண்ணுக்கும் மருமகள் என்று பெயர். ஆறு வயதில் முதல் பொருளில் அழைத்தவர்கள், பதினாறு வயதில் இரண்டாம் பொருளுக்குத் தாவிவிடுகிறார்கள். "வளர்த்தது நாம், வெளியே ஏன் கொடுக்க வேண்டும்?" என்று பேச்சு எழும்புகிறது. அந்தப் பெண் யாரிடம் போய் முடியாது என்று சொல்வாள்? சொன்னால் படுக்கப் பாய் இருக்குமா?

காப்பாளருக்குச் சட்டம் விதித்திருக்கும் கடமை தெளிவானது. பிள்ளையைப் பராமரிப்பது, அதன் உடல்நலத்தைப் பார்ப்பது, அதைப் படிக்க வைப்பது. பெண்ணை வைத்துக் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் உரிமை அந்தப் பட்டியலில் இல்லை. மாமன் வீட்டில் வளரும் பெண்ணை, அவள் வளர்ந்து தன் வாயால் தன் விருப்பத்தைச் சொல்லும் நாள் வரை, மகள் என்றே அழையுங்கள். மருமகள் என்ற சொல்லை ஒத்திவையுங்கள்.

அன்பால் சொல்லும் பொய்

இனி, நல்லவர்கள் செய்யும் தவறுக்கு வருவோம். அயோக்கியரைத் திட்டுவது சுலபம். நல்லவரிடம் வாதாடுவதுதான் கஷ்டம்.

அண்ணன் செத்துப்போனான். அவன் பிள்ளையைத் தம்பி கூட்டிவருகிறார். "இனி இவன் என் மகன்" என்கிறார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரையே எழுதிவிடுகிறார். ரேஷன் கார்டிலும் மகன் என்றே போடுகிறார். அண்ணனின் இனிஷியல் போய்த் தம்பியின் இனிஷியல் வருகிறது. கேட்பவர்கள் கண் கலங்குகிறார்கள். எப்பேர்ப்பட்ட மனசு என்கிறார்கள்.

மனசு பெரிதுதான். ஆனால் அந்த ஒரு கட்டத்தை நிரப்பியதில் பிள்ளையின் சொத்துக்குப் பூட்டு விழுந்துவிட்டது. எப்படி என்று பாருங்கள். செத்த அண்ணனுக்கு பி.எஃப். இருக்கும், கிராஜுவிட்டி இருக்கும். ஊரில் பூர்வீக நிலத்தில் ஒரு பங்கு இருக்கும். தமிழ்நாட்டில் 1989-லிருந்து பெண் பிள்ளைக்கும் அதில் உரிமை வந்துவிட்டது. டிக்கெட்டோ சீசன் பாஸோ வைத்துக்கொண்டு ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தவராக இருந்தால், ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் அவருடைய பிள்ளைக்கு நஷ்டஈடு கேட்கலாம். 2017 ஜனவரி 1 முதல் உயிரிழப்புக்கு 8 லட்ச ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். சம்பவம் நடந்து 1 வருடத்துக்குள் மனுப் போடவேண்டும். பிள்ளை மைனராக இருந்தால் அதன் சார்பில் காப்பாளரே மனுப் போடலாம் என்று சட்டமே சொல்கிறது.

இத்தனையும் யாருக்கு? செத்தவனின் மகனுக்கு. ஆனால் பள்ளிச் சான்றிதழில் அவன் வேறொருவருக்கு மகன்! எதிர்த்தரப்பு வக்கீல் அந்தச் சான்றிதழைத் தூக்கிக் காட்டினால் என்ன பதில் சொல்வது? ஊரில் பங்காளி ஒருவன், "அண்ணனுக்கு வாரிசே இல்லை, இந்தப் பையன் தம்பி மகன், பேப்பரைப் பாருங்கள்" என்று சொன்னால் யார் போய்த் தாலுகா ஆபீசில் அலைவது? சட்டப்படி உரிமை அழிந்துவிடாது. ஆனால் நிரூபிக்க வருஷக்கணக்கில் நடக்கவேண்டும். அன்பினால் எழுதிய பொய் பங்காளியின் கையில் ஆயுதம் ஆகிறது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சர்க்கார் ஊழியர் ஒருவர், தன் மகன் அல்லாதவரை மகன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது பொய் வாக்குமூலம். நல்ல மனசுக்கு ஒழுங்கு நடவடிக்கையில் விலக்குக் கிடையாது. குற்றப்பத்திரிகை வந்த பிறகு சங்கத்துக்கு ஓடிவந்து பயன் இல்லை.

இதில் வேதனை என்னவென்றால், தமிழனுக்கு இந்தப் பொய்யே தேவையில்லை! அண்ணன் பிள்ளை நம் முறைப்படி மகன்தான், மகள்தான். அவர்கள் நம்மை அழைக்கும் பெயர் சித்தப்பா, பெரியப்பா. அந்தச் சொல்லுக்குள்ளேயே அப்பா உட்கார்ந்திருக்கிறார். தாயின் தங்கை சின்னம்மா, தாயின் அக்கா பெரியம்மா. அதற்குள்ளே அம்மா இருக்கிறாள். செத்த அப்பாவை அழிக்காமலே இன்னொரு அப்பாவாக நிற்கும் வழியை நம் மொழி என்றைக்கோ செய்து வைத்துவிட்டது.

கபிலர் சொன்ன பதில்

பாரி மகளிரின் கதையை நம் பிள்ளைகளும் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். மூவேந்தர் சூழ்ச்சியால் பறம்பு மலைத் தலைவன் பாரி மாண்டபின், அவன் பெண்களைக் கூட்டிக்கொண்டு அரசர் வாசல்களில் ஏறி இறங்கியவர் புலவர் கபிலர். இருங்கோவேளின் முன்னால் போய் நின்றார். இவர்கள் யார் என்று கேட்பாயே என்று தாமே கேள்வியை எழுப்பிப் பதில் சொன்னார். புறநானூற்றின் 201-ஆம் பாட்டில் அது இருக்கிறது.

அவர் முதலில் பாரியின் பெருமையைச் சொல்லி, இவர்கள் அவனுடைய பெண்கள் என்றார். அடுத்து, தாம் அவர்களுடைய தகப்பனின் தோழர் என்றார். அதற்கடுத்து, ஆகவே இவர்கள் தமக்குப் பெண்மக்கள் என்றார். இந்த வரிசையைக் கவனியுங்கள்! பெற்றவன் பெயரை மறைக்கவில்லை. தாம் யார் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டையும் சொன்ன பிறகு, என் மகள்கள் என்று உரிமை கொண்டாடினார். இருங்கோவேள் மறுத்தான், அவன் பேர் அதனால் கெட்டது. கபிலருடைய சொல் நின்றது.

எந்த வக்கீலும் சொல்லிக்கொடுக்காமல் நம் முன்னோர் ஒருவர் நிரப்பிக் காட்டிய படிவம் அது. தகப்பன் பெயர்: பாரி. காப்பாளர் பெயர்: கபிலர். உறவு: தந்தையின் நண்பர். அழைக்கும் பெயர்: மகள். நாலு கட்டம் போதும். இன்றைய அலுவலகங்கள் அச்சடிக்க மறுப்பது இந்த நாலு கட்டத்தைத்தான்.

சட்டம் எதுவரை வரும்?

அழைக்கும் பெயர் சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. சட்டத்தில் தத்து வேறு, காப்பு வேறு. தத்து எடுத்தால் பிள்ளை பழைய குடும்பத்திலிருந்து விலகி, புதிய குடும்பத்தில் பெற்ற பிள்ளைக்குச் சமமாகிறது. வாரிசு உரிமை வருகிறது. காப்பில் அது இல்லை. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் காப்பாளரின் பொறுப்பு முடிகிறது. அவர் சொத்தில் பிள்ளைக்குத் தானாக ஒரு பைசா வராது. (1999-க்கு முன் இன்னும் வேடிக்கை. நீதிமன்றம் காப்பாளரை நியமித்த பிள்ளைக்கு உரிமை வயது 21, மற்றப் பிள்ளைகளுக்கு 18 என்று இருந்தது. அந்த ஆண்டுதான் எல்லோருக்கும் 18 ஆக்கினார்கள்.)

அப்படியானால் எல்லோரும் தத்தே எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். எல்லோராலும் முடிவதில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்துச் சட்டப்படி மகன் இருப்பவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது. மகள் இருப்பவர் இன்னொரு மகளைத் தத்தெடுக்க முடியாது. நம் தொழிலாளி வீட்டில் மகனும் இருக்கிறான், மகளும் இருக்கிறாள். நம்மிடையே உள்ள முஸ்லிம், கிறிஸ்தவத் தோழர்களுக்கோ நெடுங்காலம் 1890 சட்டத்தின் காப்பு ஒன்றே வழியாக இருந்தது. மதம் எதுவானாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்பதை 2014-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. உறவினர் பிள்ளையை உறவினர் தத்தெடுக்க 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முடிந்தவர்கள் அந்த வழியில் போகட்டும். முடியாதவர்கள், செத்த அண்ணன் பெயர் பிள்ளையோடு இருக்கட்டும் என்று விரும்புகிறவர்கள், காப்பாளராக இருக்கட்டும். ஆனால் வாயளவில் இருக்கக்கூடாது; நீதிமன்ற உத்தரவோடு இருக்கவேண்டும்.

உத்தரவு வாங்கினால் கையும் கட்டப்படும். நீதிமன்றம் நியமித்த காப்பாளர், அனுமதி இல்லாமல் பிள்ளையின் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. கொடுமைப்படுத்தினாலும், கவனிக்காமல் விட்டாலும் நீதிமன்றம் அவரை நீக்கலாம். இதற்குப் பயந்துதான் சிலர் கோர்ட்டுப் பக்கம் போவதில்லை. பயப்படுகிறவரிடம் பிள்ளையின் நிலத்தை எப்படி நம்பி விடுவது?

பங்கு என்ற கேள்விக்கும் ஒரு விடை மத்திய அரசின் விதிகளிலேயே கிடக்கிறது. மத்திய அரசு ஊழியர் விடுப்பு விதிகளில், தத்துப் பிள்ளைக்காக எடுக்கும் விடுப்புப் பற்றிய பகுதியில், காப்பில் எடுத்த பிள்ளையையும் பிள்ளையாகக் கணக்கிடுகிறார்கள். அதற்கு நிபந்தனைகள் உண்டு. 1890 சட்டப்படியோ தம் மதச் சட்டப்படியோ காப்பில் எடுத்திருக்க வேண்டும். பிள்ளை ஊழியரோடு வாழவேண்டும், குடும்பத்தில் ஒருவராக நடத்தப்படவேண்டும். அத்தோடு, பெற்ற பிள்ளைக்குரிய அதே தகுதியை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்து ஊழியர் தனியாக ஓர் உயில் எழுதியிருக்க வேண்டும்.

உயில் கேட்கிறார்களே என்று சில தோழர்கள் கோபப்படுகிறார்கள். நாம் கோபப்படவில்லை, வரவேற்கிறோம். சர்க்கார் விதிகளில் அபூர்வமாகத் தட்டுப்படும் நேர்மையான கேள்வி அது. மகள் என்கிறாயே, பங்கு எங்கே என்று கேட்கிறது. பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலை போடாமல் நகர்ந்து போவது உபசாரமா? பிள்ளை என்று வாய் நிறைய அழைத்துவிட்டு உயிலில் பெயர் எழுதாமல் சாவது அப்படிப்பட்டதுதான். நாம் செத்த மறுநாள் நம் பெற்ற பிள்ளைகளே அவனை, "நீ யார்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை உயிரோடு இருக்கும்போதே நாம் அடைக்கவேண்டும்.

நம் கோரிக்கையும் நம் கடமையும்

படிவத்தைத் திருத்த முடியாது என்று அதிகாரிகள் சொன்னால் நம்பாதீர்கள். 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை மாற்றி, தாய், தகப்பன், சட்டக் காப்பாளர் ஆகியோரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்றார்கள். மகாராஷ்டிர அரசு, 2024 மே 1 முதல் பிறக்கும் பிள்ளைகளின் பெயரோடு தாயின் பெயரையும் சேர்க்கச் செய்தது. 2021-இல் மத்திய அரசு கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அறிவித்த திட்டம், சட்டக் காப்பாளரை இழந்த பிள்ளையையும் சேர்த்துக்கொண்டது. செத்த பிறகு காப்பாளரைப் பெற்றோருக்குச் சமமாக மதிக்கத் தெரிந்த அரசுக்கு, உயிரோடு வரிசையில் நிற்கும் காப்பாளரை மதிக்கத் தெரியாதா?

ஆகவே நாம் கேட்பவை இவை:

1. பள்ளி, ரேஷன், மருத்துவம், ஊழியர் நலம் ஆகிய எல்லாப் படிவங்களிலும் பெற்றோர் பெயருக்குத் தனிக் கட்டமும் சட்டக் காப்பாளர் பெயருக்குத் தனிக் கட்டமும் வேண்டும்.

2. பெற்ற பிள்ளையைக் குறிக்க வார்டு என்ற சொல்லைச் சுற்றறிக்கைகளில் எழுதுவதை நிறுத்தவேண்டும். மகன், மகள் என்று எழுதட்டும். காப்பில் உள்ள பிள்ளையை, 'சட்டக் காப்பில் உள்ள மகன்', 'சட்டக் காப்பில் உள்ள மகள்' என்று எழுதட்டும்.

3. விடுப்பு விதிகளில் காப்புப் பிள்ளைக்கு ஏற்றுக்கொண்ட விளக்கத்தை, அதே நிபந்தனைகளோடு, ஊழியருக்கான எல்லாச் சலுகைகளுக்கும் விரிக்கவேண்டும்.

அதிகாரிகளிடம் கேட்பதற்கு முன் நாம் செய்யவேண்டியவையும் உண்டு.

இந்த நகரத்தின் தமிழ் அமைப்புகள் பல, பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பரிசு கொடுக்கின்றன. விண்ணப்பத்தில், 'உறுப்பினர்களின் மகன், மகள்களுக்கு மட்டும்' என்று போடுகிறார்கள். உறுப்பினர் காப்பில் வளர்ந்து 90 மதிப்பெண் வாங்கிய பெண், மேடைக்குக் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறாள். அந்த 'மட்டும்' போகவேண்டும்.

காப்பாளராக இருப்பவர்கள், பிள்ளை சாதாரணமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டும். பிள்ளை இப்போது மும்பையில் நம்மோடு வாழ்ந்தால் ஊருக்கு ஓடவேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உதவி உண்டு. ஆலைத் தொழிலாளிக்கும் உண்டு. கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் சான்றிதழ்களில் பெற்ற தாய் தகப்பன் பெயரை இருந்தபடியே காப்பாற்றுங்கள். செத்தவரின் பி.எஃப்., நஷ்டஈடு, நிலம் எதுவானாலும் பிள்ளை பெயரிலேயே சேருங்கள். அதன்பின், உங்கள் சக்திக்கு ஏற்ற பங்கை எழுதி ஒரு உயிலில் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டில் என்னவென்று அழைப்பது என்று கேட்பவர்களுக்கு: மகனே, மகளே என்று அழையுங்கள். அவர்கள் உங்களை அப்பா என்பதா, சித்தப்பா என்பதா, மாமா என்பதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பெற்றவனை நினைவில் வைத்திருக்கும் பிள்ளையின் வாயிலிருந்து அப்பா என்ற சொல்லைப் பிடுங்காதீர்கள். ஐந்து வருஷம் கழித்து அதுவாக வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. காப்பாளர் கட்டம் இல்லாத படிவத்தை எந்தப் பள்ளியாவது நீட்டினால், தகப்பன் பெயர்க் கட்டத்தில் உண்மையை எழுதிவிட்டு, அதன் கீழே உங்கள் கையாலேயே ஒரு கட்டம் போடுங்கள். 'சட்டக் காப்பாளர்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, நீதிமன்ற உத்தரவின் நகலைப் பின்னால் குத்திக் கொடுங்கள். வாங்க மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள். நாம் உங்களோடு அந்த ஜன்னலுக்கு முன்னால் வந்து நிற்போம்.